வணிகவியல் படித்ததை ஏன் மறைக்க வேண்டும்?

கேள்வி: வணிகவியலில் பட்டம் பெற்ற நான், ஓராண்டுப் பட்டயப் படிப்பில் கிராஃபிக் டிசைன் கற்று, எட்டு மாதங்களாக ஒரு சிறிய நிறுவனத்தில் பணிபுரிகிறேன். என் போர்ட்ஃபோலியோவுக்கு (படைப்புத் தொகுப்புக்கு) எழுதிய அறிமுகத்தில் கல்லூரிப் படிப்பைக் குறிப்பிடவில்லை. திறன்களை விழுக்காட்டில் காட்டி, "எளிமையே அழகு" என்பதை என் வடிவமைப்புக் கொள்கையாக வைத்திருக்கிறேன். அதை வாசித்தவர்களோ, அது யாருக்கும் பொருந்தும் அறிமுகமாக இருக்கிறது என்கிறார்கள். எங்கே தவறு?
- பெயர் குறிப்பிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் அனுப்பிய அறிமுகத்தையும் ஆறு படைப்புகளையும் பொறுமையாகப் பார்த்தேன். படைப்புகளில் தெரிகிற ஆளை அறிமுகத்தில் காணவில்லை. நீங்கள் மறைத்துவிட்ட அந்த வணிகவியல் படிப்புதான் அதற்கு முதல் காரணம் என்பேன்.

உங்கள் மூன்றாவது படைப்பான ஆண்டறிக்கையில் ஒரு பக்கம் முழுக்க வரவு செலவு அட்டவணை இருக்கிறது. 1 என்ற இலக்கமும் 8 என்ற இலக்கமும் ஒரே அகலம் பிடிக்கும் எழுத்துருவைத் தேர்ந்து, தொகைகளை வலது ஓரத்தில் நேர்படுத்தியிருப்பதால், பத்தின்கீழ்ப் பத்தும் நூறின்கீழ் நூறும் இம்மியும் பிசகாமல் நிற்கின்றன. மொத்தத் தொகைக்கு மேல் மட்டும் ஒரு மெல்லிய கோடு ஓடுகிறது. இதே இடத்தில் எண்களை நடுவில் நிறுத்திக் கட்டத்துக்குக் கட்டம் கோடு போட்டுவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தொகைகளை விரல் வைத்துக் கூட்டிப் பழகியவருக்குத்தான் கண் எங்கே தடுமாறும் என்பது தெரியும்.

லண்டன் சுரங்க ரயில் தடங்களை 1931இல் புதிய முறையில் வரைந்த ஹாரி பெக், மின்சுற்றுப் படங்களோடு பழகிய தொழில்நுட்ப வரைவாளர். நிலையங்களுக்கு இடையிலான உண்மைத் தூரத்தைக் கைவிட்டு, தடங்களைக் கிடைக்கோடு, செங்குத்துக்கோடு, 45 பாகைச் சாய்கோடு ஆகியவற்றுக்குள் அடக்கினார். முதலில் வேண்டாம் என்ற நிர்வாகம் 1933இல் அதை வெளியிட்டது. முந்தைய தொழிலின் பழக்கம் அவர் கையோடு வந்தது. உங்களுடையதும் அப்படித்தான் வந்திருக்கிறது. அதை முதல் வரியிலேயே எழுதுங்கள்.

திறன்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. "போட்டோஷாப் 90 விழுக்காடு" என்றால் எதில் 90 என்று யாருக்கும் விளங்காது. அச்சுக்குப் போகும் கோப்பைச் சிஎம்ஒய்கே நிறங்களில் (அச்சுக்கான நான்கு மை நிறங்களில்), ஓரத்தில் 3 மில்லிமீட்டர் பிளீட் (வெட்டுவதற்கான கூடுதல் ஓரம்) விட்டுத் தயாரிக்கத் தெரியும் என்று எழுதினால் அச்சகத்தாருக்கும் புரியும், வேலை தருபவருக்கும் புரியும். குழுவாகச் செய்த படைப்பென்றால் அதில் உங்கள் பங்கு எதுவென்றும் சொல்லிவிடுங்கள்.

இனி, கொள்கை. "எளிமையே அழகு" என்பதை மறுப்பவர் எவரும் இல்லை. அதனால்தான் அது உங்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. உங்கள் இரண்டாவது படைப்பான தமிழ்ச் சுவரொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் புள்ளியும் இகரச் சுழியும் மேலே ஏறும், உகர ஊகாரக் குறிகள் கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கு அமைத்த வரி இடைவெளியை அப்படியே வைத்தால், மேல்வரிக் 'கூ'வின் அடி கீழ்வரியின் புள்ளியில் போய் முட்டிவிடும். நீங்கள் இடைவெளியைக் கூட்டியிருக்கிறீர்கள். இடம் போதாதபோது எழுத்தைச் சிறிதாக்காமல், கிளையண்டிடம் பேசி இரண்டு வாக்கியங்களை நீக்க வைத்ததாகக் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அம்மா, அதுதான் உங்கள் கொள்கை! இடம் போதாதென்றால் சொற்களைக் குறைப்பேன், எழுத்தின் அளவைக் குறைக்க மாட்டேன் என்று எழுதி, அந்தச் சுவரொட்டியின் முதல் வரைவையும் இறுதி வடிவத்தையும் பக்கத்தில் வையுங்கள்.

எட்டு மாத அனுபவத்தை எட்டு மாதம் என்றே சொல்லுங்கள். ஆண்டறிக்கையை முதல் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். ஆறாவதாக உள்ள லோகோவில் உங்கள் கை தெரியவில்லை. அதை எடுத்துவிடுங்கள், ஐந்தே போதும்.