ரிசர்வ் படையில் சிறப்பு விமானப் பிரிவு என்றால் என்ன?

வேறு வேலை பார்த்துக்கொண்டே, எதிரிப் பகுதிக்குள் ரகசியமாக இயங்கும் வீரர்களுக்கு விமானத்தில் போய் உதவும் பகுதிநேரப் படையினரின் பிரிவு இது. கடை நடத்திக்கொண்டே முகூர்த்த மாதங்களில் பந்திக்குச் சமைக்கப் போகும் சமையல்காரர் மாதிரி. கைப்பக்குவம் முழுநேரக்காரருக்குக் குறையாது.

நல்ல உதாரணம் அமெரிக்க விமானப்படை ரிசர்வின் 919-வது பிரிவு. புளோரிடாவில் டியூக் ஃபீல்டு தளத்தில் 1971-ல் சாதாரண சரக்கு விமானப் பிரிவாகத் தொடங்கியது. 1975-ல் ஏசி-130ஏ விமானங்கள் வந்தன. சரக்கு விமானத்தின் பக்கவாட்டில் பீரங்கிகளைப் பொருத்தி, இலக்கை வட்டமடித்தபடியே சுடுவார்கள். விசித்திரமான யோசனைதான், ஆனால் வேலை செய்தது! 1989-ல் பனாமா நாட்டின் மீதான அமெரிக்கப் படையெடுப்பு, 1991-ல் வளைகுடாப் போர் இரண்டிலும் இவை பறந்தன. அப்புறம் 1995 முதல் 2013 வரை எம்சி-130ஈ விமானங்கள்: இரவில் தாழப் பறந்து வீரர்களை இறக்குவது, ஹெலிகாப்டர்களுக்கு வானிலேயே எரிபொருள் கொடுப்பது.

சரி, இதற்கு ஏன் ரிசர்வ்? இப்படிப் பறக்கப் பழக வருடங்கள் ஆகும். முழுநேரப் பணியை விட்டவரின் அனுபவத்தை வீணாக்காமல் வைத்துக்கொள்ளத்தான்.

ரிசர்வ் என்றதும் ஓய்வுபெற்றவர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, இவர்கள் தொடர்ந்து பயிற்சி செய்பவர்கள், அழைத்தால் போர்முனைக்கே போகிறவர்கள்.