ஹாம் ரேடியோ கூடுகையில் ஆட்களைப் படம் எடுப்பது எப்படி?

ஊட்டியில் ஹாம் நண்பர்கள், அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுபவர்கள், கூடும்போது ஆட்களை எப்படிப் படம் எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேட்டுவிட்டு எடுங்கள், ஆனால் ஹெட்போன் மாட்டியிருப்பவரின் தோளைத் தட்டிக் கேட்காதீர்கள். நல்ல முகம் அப்போதுதான் கிடைக்கும். இரைச்சலுக்குள் மெலிதான சிக்னல் ஒன்று கேட்டதும் கண்ணை மூடிக்கொள்வார், பென்சில் அந்தரத்தில் நிற்கும். அதற்காகப் பத்து நிமிடம் காத்திருக்கலாம். போஸ் கொடுத்து மைக்கைப் பிடித்த படம் எல்லோரிடமும் இருக்கிறது.

அவர்கள் பயன்படுத்தும் விஎச்எஃப் என்ற ரேடியோ அலை பெரும்பாலும் நேர்க்கோட்டில் போவதால் ஹாம்களுக்கு உயரமான இடம் பிடிக்கும். ஊட்டிக்குப் பக்கத்திலுள்ள தொட்டபெட்டா சிகரம் 2637 மீட்டர். அங்கே ஆன்டெனா தூக்கி நிற்பவரை வானத்தை வைத்து எடுத்தால் முகம் கறுத்துவிடும். சரிவோ மரமோ பின்னால் வருமாறு நகருங்கள். மூடுபனி வந்தால் கேமராவில் வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, கூட்டுங்கள், கேமரா வெள்ளைப் பனியைச் சாம்பலாக்கப் பார்க்கும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். பனித்துளிகள்தான் பளிச்சென்று விழும்.

அப்புறம், சட்டையில் இருக்கும் கால்சைன், அதாவது ஒவ்வொரு ஹாமுக்கும் உரிய அடையாளக் குறி. VU (வியூ) என்று தொடங்கும் அந்த எழுத்துகளை இணையத்தில் தேடினால் பலருடைய பெயர், சில சமயம் முகவரிகூட வந்துவிடும். சிலருக்கு அது பெருமை, சிலருக்குச் சங்கடம். படத்தைப் போடும் முன் இன்னொரு முறை கேளுங்கள். குழந்தைகள் என்றால் பெற்றோரிடம்.