கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை: யாரிடம், எப்படிக் கேட்பது?

62 பிள்ளைகள் படிக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை, கேட்டால் "நிதி இல்லை" என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். 31 முதல் 100 மாணவர் உள்ள பள்ளிக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஆண்டு மானியம் 25,000 ரூபாய். அதில் 10 விழுக்காடாவது தூய்மைக்கு. குழாய், மோட்டார் பழுதுக்கு இந்த மானியம் போதும், போர்வெல்லுக்குப் போதாது. ஆகவே முதலில் பழுது எதிலென்று பாருங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். அடுத்த கூட்டத்தில் மானியம் வந்த தேதியையும் செலவுக் கணக்கையும் கேளுங்கள். கோரிக்கையைத் தீர்மானமாகப் பதிவேட்டில் ஏற்றி நகல் வாங்குங்கள். வாய்ப்பேச்சு எந்த அலுவலகத்திலும் நிற்காது. போர்வெல், கட்டட வேலை என்றால் அந்த நகலோடு வட்டார வளர்ச்சி அலுவலரிடம் போங்கள். பலரும் வட்டாரக் கல்வி அலுவலரிடம் மட்டும் மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். பெண் பிள்ளைகளோ மாலைவரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கணக்குக் காட்ட மறுத்தால், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.