தாக்குதலா, தற்காப்பா?

கேள்வி: கால்பந்தில் தாக்குதலுக்கு அதிக ஆட்களை அனுப்பினால் பின்களம் வெறுமையாகிறது, பின்னால் நிறுத்தினால் நம்மால் கோல் அடிக்க முடிவதில்லை. இரண்டையும் எவ்வாறு சமன் செய்வது?

பதில்: இதை ஆட்களைப் பங்கிடும் கணக்காகப் பார்ப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. பந்து நம்மிடம் இருக்கும்போதே, அது பறிபோனால் யார் எங்கே நிற்க வேண்டும் என்பதையும் முடிவு செய்துகொண்ட அணியே தயக்கமின்றித் தாக்க முடியும். 1982 உலகக் கோப்பையில், இத்தாலியுடன் டிரா செய்தாலே அரையிறுதிக்குள் நுழைந்திருக்கக்கூடிய பிரேசில் 3-2 எனத் தோற்றது. பாவ்லோ ரோஸி அடித்த மூன்று கோல்களில் இரண்டாவது, பிரேசில் தன் பாதியிலேயே கவனமின்றிக் கொடுத்த பாஸிலிருந்து வந்தது. (அழகில் அந்த அணிக்கு ஈடில்லை என்பதே என் எண்ணம்.) 1994-இல் அதே பிரேசில், துங்காவையும் மௌரோ சில்வாவையும் நடுக்களத்தில் சற்றுப் பின்னே நிறுத்தி, அதன் பலத்தில் பக்கவாட்டுத் தற்காப்பாளர்களை முன்னேறவிட்டு, ஏழு ஆட்டங்களில் மூன்று கோல்களை மட்டுமே வாங்கிக் கோப்பையை வென்றது. இறுதியாட்டம் கோலின்றி முடிந்து பெனால்டியில் தீர்ந்ததால், அந்த ஆட்டமுறை பலருக்குச் சலிப்பூட்டியதும் உண்மையே.

நடைமுறையில், பக்கவாட்டுத் தற்காப்பாளர்களில் ஒருவர் ஏறும்போது மற்றவர் தங்கட்டும்; எதிரணி முன்னே விட்டுவைத்திருக்கும் ஆட்களைவிட ஒருவர் கூடுதலாக நம் பின்களத்தில் இருக்கட்டும். பந்து பறிபோன நொடியில், அருகிலிருப்பவர் உடனே நெருக்கினால்தான் மற்றவர்கள் திரும்பி ஓட நேரம் கிடைக்கும். முன்னிலை பெற்றதும் பதினொருவரும் பின்வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்; வெளியே தட்டிவிட்ட பந்தைப் பிடித்து வைக்க முன்னே எவரும் இல்லாததால், அது மீண்டும் மீண்டும் நம் கோலை நோக்கியே திரும்பி வரும்.