ஆற்றின் மறுகரை

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீண்டதூர மிதிவண்டிப் பயணங்களைப் பற்றித் தாங்கள் எழுதிவருவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எனக்கு ஐம்பது வயது. மூன்று ஆண்டுகளாகச் சாலை சைக்கிள் ஓட்டுகிறேன். சென்ற ஆண்டு மலைநாட்டு ஆற்றுப் பள்ளத்தாக்கு ஒன்றின் வழியாக நான்கு நாள் பயணத்தை வரைபடச் செயலியின் துணையுடன் திட்டமிட்டேன். அது காட்டிய வழி ஆற்றை ஒட்டியே சென்றதால் மகிழ்ந்தேன். ஆனால் நாள் முழுவதும் லாரிகள் முழங்கையை உரசுவதுபோல் கடந்து சென்றன. ஆற்றைத் திரும்பிப் பார்க்கக்கூட முடியவில்லை. மலையும் ஆறும் சேர்ந்த நிலத்தில் வாகன நெரிசல் இல்லாத வழிகளைக் கண்டுபிடிப்பது எப்படி? பழைய ரயில் தடங்களில் போடப்பட்ட பாதைகளே சிறந்தவை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அது சரியா? என் சைக்கிளில் இருப்பவை 25 மி.மீ. டயர்கள்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

செயலி உங்களை ஏமாற்றவில்லை. பள்ளத்தாக்கு எப்படி இருக்குமோ அப்படியே காட்டியிருக்கிறது. மலைநாட்டில் சமதளம் என்பது பெரும்பாலும் ஆற்றின் இருபுறமும் கிடக்கும் ஒடுங்கிய நிலத்துண்டுதான். ஊர், வயல், நெடுஞ்சாலை, ரயில் தடம் எல்லாம் அந்தத் துண்டுக்காகவே அடித்துக்கொள்கின்றன. மிதிவண்டிக்காரருக்கு எளிதான வழி லாரிக்கும் எளிதான வழியாகவே இருக்கும். ஆகவே நான் வரைபடத்தை விரிக்கும்போது அழகான சாலை எது என்று தேடுவதை எப்போதோ விட்டுவிட்டேன். இந்தச் சாலைக்கு வண்டிகள் வராமல் இருக்க என்ன காரணம் என்று மட்டும் கேட்கிறேன். காரணம் தெரியாமல் ஒரு சாலை வெறிச்சோடிக் கிடக்கும் என்று நம்பிப் போய் நானும் உங்களைப் போலவே சிக்கியிருக்கிறேன், ஒருமுறைக்கு மேல்.

நான் முதலில் பார்க்கும் காரணம் மறுகரை. நெடுஞ்சாலை ஒரு கரையைப் பிடித்துக்கொண்டால், அதற்கு முன்பிருந்த பழைய சாலை மறுகரையில் ஊர் ஊராக வளைந்து போய்க்கொண்டிருக்க வாய்ப்புண்டு. ஆஸ்திரியாவில் டான்யூப் ஆறு மெல்க் நகருக்கும் கிரெம்ஸ் நகருக்கும் இடையே சுமார் 35 கி.மீ. தூரம் வாஹாவ் என்னும் பள்ளத்தாக்கினூடே ஓடுகிறது. திராட்சைத் தோட்டங்களும் கோட்டைகளும் நிறைந்த இடம். பெயர்பெற்ற ஊர்களில் பெரும்பாலானவை வடகரையில்தான் இருக்கின்றன. பெரிய சாலையும் அங்கேதான் செல்கிறது. தென்கரை ஒப்பீட்டளவில் அமைதியானது. தென்கரையிலேயே சென்று, பார்க்க விரும்பும் ஊருக்கு எதிரே வந்ததும் படகில் கடந்துகொள்ளலாம். ஸ்பிட்ஸ் என்னும் ஊரிலுள்ள படகுக்கு இயந்திரமே கிடையாது. கம்பியில் பிணைக்கப்பட்டு ஆற்றின் ஓட்டத்தாலேயே அக்கரை சேர்கிறது. வரைபடத்தில் பாலங்களுக்கிடையே அதிக இடைவெளி உள்ள பகுதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கார்கள் எளிதில் கடந்துவர முடியாத அந்தத் துண்டுகளில் மறுகரைச் சாலை இன்னும் அமைதியாக இருக்கும்.

இன்னொரு காரணம், சாலையின் வேலையை ஒரு சுரங்கம் பறித்துக்கொண்டிருப்பது. சுவிட்சர்லாந்தின் கொத்தார்டு கணவாய் 2,106 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் தென்சரிவில் திரெமோலா என்னும் பழைய சாலை 24 கொண்டை ஊசி வளைவுகளுடன், கருங்கல் பதித்த தளத்தில் ஏறுகிறது. வடக்கையும் தெற்கையும் இணைக்கும் போக்குவரத்து ஒரு காலத்தில் அதன்மேல்தான் சென்றது. பிறகு கணவாய்க்கே அகலமான புதிய சாலை வந்தது. 1980-இல் 16.9 கி.மீ. நீளமுள்ள சாலைச் சுரங்கம் மலைக்கு அடியில் திறக்கப்பட்டது. அவசரமாகச் செல்பவர்கள் எல்லாரும் மலைக்குள் போய்விட, பழைய சாலை அவசரமில்லாதவர்களின் கைக்கு வந்தது. கோடைகால விடுமுறை நாட்களில் அந்த அவசரமில்லாதவர்களிடம் மோட்டார் சைக்கிள்களும் இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வார நாளின் அதிகாலைதான் அங்கே நமக்குரிய நேரம்.

முட்டுச்சாலைகளை மிதிவண்டிக்காரர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அவற்றின்மேல் தனிப் பிரியம் உண்டு. பள்ளத்தாக்கின் தலைப்பகுதியில் அணையோடு முடிந்துபோகும் சாலையில், அங்கேயே வேலை இருப்பவரைத் தவிர எவரும் வருவதில்லை. சில இடங்களில் நிர்வாகமே உதவுகிறது. இங்கிலாந்தின் பீக் மாவட்டத்தில் மேல் டெர்வென்ட் பள்ளத்தாக்கின் நீர்த்தேக்கங்களை ஒட்டிய சாலையின் உட்பகுதியை வார இறுதிகளில் மோட்டார் வண்டிகளுக்கு மூடிவிடுகிறார்கள். வந்த வழியே திரும்ப வேண்டுமே என்று சலித்துக்கொள்ளாதீர்கள். மேலே போகும்போது முதுகுக்குப் பின்னால் இருந்த மலைகள் எல்லாம் திரும்பும்போதுதான் கண்ணெதிரே வருகின்றன.

இனி உங்கள் நண்பர்கள் சொல்லும் ரயில் தடங்கள். அவர்கள் சொல்வதில் பெரும்பகுதி உண்மைதான், அதற்குக் காரணம் இயற்பியல். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்துக்குப் பிடிமானம் குறைவு என்பதால், பல்சக்கரத் தடங்களை விட்டுவிட்டால், ரயில் பாதைகளை அமைத்தவர்கள் ஏற்றத்தைப் பெரும்பாலும் 2 சதவீத அளவுக்குள், அதாவது நூறு மீட்டர் தூரத்துக்கு இரண்டு மீட்டர் உயர்வுக்குள், அடக்கிவைத்தார்கள். நீங்களும் வண்டியும் சுமையும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 6 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஏறப் புவியீர்ப்பை வெல்வதற்கு மட்டும் ஏறத்தாழ 140 வாட் வேண்டும். அதே வேகத்துக்கு 2 சதவீத ஏற்றத்தில் 46 வாட் போதும். ஐம்பது வயதில் நான்கு நாட்கள் தொடர்ந்து ஓட்டுபவருக்கு இந்த வேறுபாடு சிறியதல்ல.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கையும் கம்பர்லாண்டையும் இணைக்கும் கிரேட் அலிகேனி பாசேஜ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சுமார் 240 கி.மீ. நீளமுள்ள அந்தப் பாதை ஆறுகளின் கரையோடு ஏறி 729 மீட்டர் உயரத்தில், மழைநீர் இருபுறமாகப் பிரிந்தோடும் நீர்பிரி முகட்டைக் கடக்கிறது. பிட்ஸ்பர்க்கிலிருந்து புறப்பட்டால் அந்த ஏற்றம் ஏறத்தாழ 200 கி.மீ. தூரத்துக்குப் பரவியிருப்பதால் ஏறுகிறோம் என்ற உணர்வே வராது. கம்பர்லாண்டிலிருந்து புறப்பட்டால் ஏறக்குறைய 38 கி.மீ.க்குள் 530 மீட்டர் ஏற வேண்டும். அதுவும் கொடுமையான ஏற்றமல்ல, ஆனால் கால்களுக்குத் தெரியும். எந்த முனையில் தொடங்குவது என்பதை ரயில் பயணச்சீட்டு கிடைக்கும் நாளைப் பார்த்து முடிவுசெய்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

ஐரோப்பாவில் ஜெர்மனியின் ஆஹனிலிருந்து பெல்ஜியம் வழியாக லக்சம்பர்க்கின் துருவாவியெர்ஜ் வரை 125 கி.மீ. செல்லும் ஃபென்பான் பாதைக்கு ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. முதல் உலகப்போருக்குப் பின் வெர்சாய் உடன்படிக்கையால் அந்த ரயில் தடம் பெல்ஜியத்துக்குப் போனது. ரயில்கள் நின்றுபோன பிறகும் தடம் பெல்ஜிய மண்ணாகவே நீடிப்பதால், அதற்கு மேற்கே உள்ள சில ஜெர்மானியப் பகுதிகள் தாய்நாட்டிலிருந்து துண்டிக்கப்பட்ட தீவுகளாக இன்றும் இருக்கின்றன. ஓடுகிற சைக்கிளின் அடியில் இருப்பது ஒரு நாடு, இருபுறமும் வேறொரு நாடு.

இவ்வளவு சொன்ன பிறகும், நான்கு நாட்களையும் ரயில் தடத்திலேயே கழிக்க உங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏற்றத்தைக் குறைக்க மேட்டை வெட்டித்தான் தடம் போட்டார்கள். அந்த வெட்டுகளுக்குள் போகும்போது இருபுறமும் பாறைச் சுவரும் செடியும் மட்டுமே தெரியும். கால்களுக்கும் மாற்றமில்லை, ஒரே கியரில் இரண்டு மணி நேரம் மிதிப்பது எனக்கு ஏற்றத்தைவிட அலுப்பாக இருக்கிறது. ஒரு பள்ளத்தாக்கில் ரயில் தடத்தில் ஏறி, முகட்டைச் சிறு சாலையில் கடந்து, அடுத்த பள்ளத்தாக்கின் மறுகரைச் சாலையில் இறங்குவதே நான் விரும்பும் வழி. அந்த முகட்டுச் சாலையில் 8, 10 சதவீத ஏற்றங்கள் வரலாம். இறங்கித் தள்ளிச் செல்வதில் இழுக்கு எதுவும் இல்லை.

செயலி காட்டும் ஏற்றக் கணக்கை இத்தகைய இடங்களில் அப்படியே நம்பாதீர்கள். அது நிலத்தின் மேற்பரப்பு உயரத்தை வைத்துக் கணக்கிடும்போது, சுரங்கத்துக்குள் செல்லும் பாதையையும் மலைமேல் ஏறி இறங்குவதாக எண்ணிக்கொள்ளும். டெர்வென்ட் பள்ளத்தாக்கைப் போலவே பீக் மாவட்டத்தில்தான், வை ஆற்றை ஒட்டி மான்சல் ட்ரெயில் என்னும் பழைய ரயில் தடம் இருக்கிறது. அதன் சுரங்கங்கள் 2011-இல்தான் திறக்கப்பட்டன. அதற்கு முன் அவற்றைச் சுற்றிக்கொண்டு மேலேறித்தான் போக வேண்டியிருந்தது. செயலி வரைந்து தரும் ஏற்ற இறக்க வரைகோட்டில் அந்தப் பழைய சிரமம் இன்றும் ரம்பப் பற்களைப்போல் நிற்கக்கூடும். ஒடுங்கிய மலையிடுக்குகளில் ஆற்றோரச் சாலைக்கும் இதே பிழை நேர்கிறது. சமஉயரக் கோடுகள் உள்ள வரைபடத்தை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

நீங்கள் கேட்காவிட்டாலும் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெயில் உள்ள நாளில் மலைச்சரிவுகள் சூடாவதால், முற்பகலுக்குப் பின் காற்று பள்ளத்தாக்கின் கீழிருந்து மேல்நோக்கி வீசத் தொடங்கி மாலைவரை நீடிக்கும். இரவில் குளிர்ந்த காற்று எதிர்த்திசையில் இறங்கும். ஆற்றோடு இறங்குவது எளிது என்று நம்பிப் பிற்பகலில் புறப்படுபவர் சமதளத்திலேயே எதிர்காற்றில் திணறுவது இதனால்தான். இறங்கும் நாட்களில் விடிந்ததும் புறப்படுங்கள். ஏறும் நாட்களில் சற்றுத் தாமதித்தால் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். நிழலான வளைவுகளில் ஈரமும் பாசியும் சருகும் நண்பகல்வரைகூடக் காயாமல் இருக்கும் என்பதால், காலை இறக்கத்தில் பிரேக்கை வளைவுக்கு முன்பே பிடித்துவிடுங்கள்.

டயரைப் பற்றி: ஃபென்பான் போலப் பெரும்பாலும் தார் போட்ட பாதையில் 25 மி.மீ. டயர் போதும். கிரேட் அலிகேனியின் தளம் பொடித்த சுண்ணாம்புக்கல். மழைக்குப் பின் மெல்லிய டயர் அதில் புதையும். திரெமோலாவின் கருங்கற்கள் மணிக்கட்டை உலுக்கிவிடும். வண்டிகள் கைவிட்ட சாலையைப் பராமரிப்பவர்களும் பாதி கைவிட்டிருப்பார்கள் என்பதால், 32 மி.மீ. டயரைக் குறைந்த காற்றழுத்தத்தில் ஓட்டுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் எல்லாச் சாலை சைக்கிள்களிலும் அது நுழையாது. முன் கவட்டையிலும் பின் சட்டகத்திலும் டயருக்கு இருபுறமும் எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். 28-ஆ, 32-ஆ என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.