பதில்: கரையோரத் தடமா, குறுக்குத் தடமா?

வணக்கம். தங்கள் நகரின் புதிய படகுச் சேவையை, கரையை ஒட்டி ஓடும் நீண்ட தடத்தில் தொடங்குவதா, கழிமுகத்தைக் கடக்கும் குறுகிய தடத்தில் தொடங்குவதா என்று கேட்டிருந்தீர்கள். குறுகிய தடமே என் தேர்வு. சாலைக்கு இணையாக ஓடும் படகு பேருந்திடம் தோற்றுவிடும். சாலை சுற்றிக்கொண்டு போகும் இடத்தில்தான் படகுக்கு ஆதாயம்.

தடத்தைப் போலவே படகுத்துறையும் முக்கியம். கேரளத்தின் கொச்சி நகரில் 2023 ஏப்ரலில் தொடங்கிய படகுச் சேவையான கொச்சி வாட்டர் மெட்ரோவின் முதல் தடங்கள் உயர்நீதிமன்றம்–வைப்பின், வைற்றிலா–காக்கநாடு ஆகிய இரண்டும். நூறு பேர் ஏறக்கூடிய அம்மின்படகுகள் விரைவானவை அல்ல. ஆயினும் வைற்றிலாவில் மெட்ரோ நிலையமும் பேருந்து நிலையமும் அருகிலேயே இருப்பதால், இறங்கியவர் அடுத்த வண்டிக்காக அலைய வேண்டியதில்லை. நீர்மட்டத்தோடு ஏறி இறங்கும் மிதவைப் படகுத்துறைகள் அங்கே அமைக்கப்பட்டிருப்பதால், சக்கர நாற்காலியில் வருபவரும் படிக்கட்டின்றிப் படகில் ஏற முடிகிறது. தாங்கள் இணைத்திருந்த வரைவில் படகைப் பற்றிப் பல பக்கங்கள் உள்ளன. படகுத்துறையைப் பற்றி ஒரே பத்திதான் உள்ளது. (திட்ட அறிக்கைகளில் இது வழக்கம்தான், படகுதானே படத்தில் அழகாகத் தெரிகிறது!)

படகுகளின் எண்ணிக்கையையும் திருத்த வேண்டும். கடக்க 20 நிமிடம், ஒவ்வொரு கரையிலும் ஏற்றி இறக்க 5 நிமிடம் எனில், ஒரு சுற்றுக்கு 50 நிமிடம் ஆகும். பத்து நிமிடத்துக்கு ஒரு படகு விட வேண்டுமானால் ஐந்து படகுகள் ஓட்டத்தில் இருக்க வேண்டும். பழுது, மின்னேற்றம் ஆகியவற்றுக்காக ஆறாவது ஒன்றும் தேவை. தாங்கள் மூன்று படகுகளையே குறித்துள்ளீர்கள். அந்த மூன்றும் ஓயாமல் ஓடினாலும் பயணி ஏறத்தாழ 17 நிமிடம் வரை காத்திருக்க நேரும். அலுவலகம் செல்பவர் அதற்கு இணங்க மாட்டார்.