ஊசியை நிறுத்தாதீர்கள், டோஸைக் குறைத்தது கஷாயம் இல்லை

11 வயசுப் பையன், டைப் 1 சர்க்கரை நோய், இன்சுலின் தொடங்கி மூன்று மாதம். ஆவாரம்பூ கஷாயம் குடித்தபின் இன்சுலின் டோஸ் 18 யூனிட்டிலிருந்து 8 ஆனது, ஊசியை நிறுத்திவிடலாம் என்று தாத்தா சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

இன்சுலின் போட ஆரம்பித்ததும், கணையத்தில் அழியாமல் மிஞ்சிய, இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களுக்குச் சற்று ஓய்வு கிடைத்து மறுபடி சுரக்கும். இதற்கு 'ஹனிமூன் காலம்' என்று பேர். சில வாரமோ சில மாதமோ இருக்கும், பிறகு தேவை ஏறிவிடும். இந்த இடைவெளியில் எதைக் குடித்தாலும் பேர் அதற்குப் போய்விடும்.

ஊசியை நிறுத்தினால், உடம்பு கொழுப்பை எரிக்கும்போது வரும் கீட்டோன் என்ற அமிலப்பொருள் சேர்ந்து ரத்தம் அமிலமாகும். வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த வேக மூச்சு, வாயில் பழவாடை வரும். அஜீரணம் என்று நினைத்து இஞ்சிச்சாறு கொடுத்துக்கொண்டிருந்தால் உயிருக்கே ஆபத்து.

சுகர் 250 mg/dLக்கு மேலேயே நின்றால் ரத்தக் கீட்டோன் பாருங்கள். கீட்டோன் 1.5 mmol/L தாண்டினால் உடனே டாக்டருக்கு போன். 3 தொட்டாலோ வாந்தி நிற்காவிட்டாலோ நேரே அவசரப் பிரிவு. சாப்பிடாத நாளிலும் நீண்டநேரம் வேலை செய்யும் இன்சுலின் தவறக்கூடாது. சுகர் 70க்குக் கீழே அடிக்கடி இறங்கினால் டோஸை டாக்டர் குறைப்பார்.

மிட்டாய் தின்றுதான் வந்தது என்று யாரும் அவனைத் திட்ட விடாதீர்கள். அவன் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அந்த செல்களை அழித்தது.